கோகிலவாணி படுத்தால் தறி நிற்கும்

கோகிலவாணி தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஓய்வெடுத்த ஆடி மாதத்து மத்தியானத்தில், கன்னிமார் வீதியில் இருந்த விசைத்தறிகள் அத்தனையும் நின்றுபோயின. மின்சாரம் இருந்தது, மோட்டார் சுற்றியது, பெல்ட் ஓடியது, பட்டறைகளில் விளக்கு எரிந்தது. நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடா மட்டும், ஆற்றைக் கடக்க இறங்கிய ஆள் இடுப்பளவுத் தண்ணீரில் எதையோ நினைத்துக்கொண்டு நின்றுவிட்ட மாதிரி, பாவு நூலுக்கு நடுவில் நின்றது.

காவிரிப் பாலத்துக்கு இக்கரையில் இருந்த அந்த ஊரில் தறிச்சத்தம் ஓய்ந்ததே கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பட்டறைகளைச் சாத்துவார்கள். ஆனால் அன்றைக்குப் பட்டாசும் ரேடியோ செட்டும் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் ஓய்ந்தாலும் மனிதர்களின் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருக்கும். சென்னைக்குப் போனாலும் திருப்பதிக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர்கள் காதுக்குள் இருக்கும் தறியையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அன்றைக்கு அந்தத் தறியும் நின்றது.

டீக்கடை மாரப்பன் யாரையோ பார்த்து வழக்கம்போலக் கத்தப் போய், தன் குரலைத் தானே கேட்டுக் கூச்சப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த சந்து முனியம்மாளும் அவள் புருஷனும் கல்யாணமான நாளிலிருந்து கத்திக் கத்தியே பேசியவர்கள். மெல்லப் பேசிப் பார்த்தபோது தங்களுக்குள் சண்டையே இல்லை என்று கண்டுகொண்டு, மேற்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். குரைத்துப் பயனில்லை என்று குட்டியிலேயே விட்டுவிட்ட நாய்கள், ஒன்றையொன்று சந்தேகமாகப் பார்த்துவிட்டு, மெதுவாகக் குரைத்துப் பழகின. வீதியிலேயே பிறந்த கைக்குழந்தைகள் பயந்து வீறிட்டன. தாய்மார்கள் அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "டக்கடக்க டக்கடக்க" என்று வாயாலேயே தறி ஓட்டி அமர்த்தினார்கள்.

கோகிலவாணியின் புருஷன் பூபதி தறி ஃபிட்டர். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகத் தறிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். தறியில் ஒரு குறையும் இல்லை. லைன்மேன் வந்து வோல்டேஜ் என்றான். பூசாரி வந்து கன்னிமாருக்குக் கோபம் என்றார். இரண்டையும் கேட்டுக்கொண்டு ஊர் தலையாட்டியது. வோல்டேஜுக்கு ஒரு மனு எழுதப்பட்டது, கன்னிமார் ஏழு கல்லுக்கும் பால் ஊற்றப்பட்டது. இரண்டும் நடந்துகொண்டிருந்தபோதே கோகிலவாணி தூக்கம் கலைந்து எழுந்து, முகம் கழுவிக்கொண்டாள். தறிகள் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தன.

அவள் தாராபுரம் பக்கம் காற்றைத் தவிர வேறு சத்தமில்லாத காட்டு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை, யார் பேசியதும் அவளுக்குக் கேட்கவில்லை. பேசினால் கேட்காத ஊரில் எழுதினால் கேட்கும் என்று நினைத்தாளோ என்னவோ, ரவிக்கை தைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வலைப்பூ ஒன்று தொடங்கி, வீதியில் நடப்பதை எல்லாம் எழுதினாள். யார் வீட்டில் சீமந்தம், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, மாரப்பன் கடை வடைக்கு ஏன் நடுவில் ஓட்டை பெரிது, நாடாவுக்கு நூல் தார் சுற்றும் பெண்களின் விரல்நுனிகள் ஏன் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கின்றன என்று ஒரு நாள் விடாமல் எழுதினாள். காய்ச்சலிலும் எழுதினாள், மாமனார் செத்த வீட்டில் அழுகைக்கு நடுவே எழுதினாள். மஸ்கட்டிலும் மலேசியாவிலும் இருந்து படித்தவர்கள், விடிந்தால் வாணி எழுதியிருப்பாள் என்று, பால்காரனை நம்புவதைப் போல அவளை நம்பினார்கள்.

அப்படியே வருஷங்கள் போயின. ஒரு கட்டத்தில் அவள் எழுதியதெல்லாம் அவள் ஏற்கெனவே எழுதியதாகவே வந்தது. வடையின் ஓட்டையைப் பற்றி மறுபடியும் எழுதிவிட்டு, ஒரு வாசகர் பழைய பதிவைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டாள். விரல் எழுத்தைத் தட்டுகிறது, மனசு வேறெங்கோ வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறது. மஸ்கட்டிலிருந்து ரேணுகா என்ற வாசகி எழுதினாள்: "வாணி, நிலத்தைக்கூட ஒரு போகம் சும்மா போடுவாங்க. நீங்க கொஞ்ச நாள் எதுவும் எழுதாமல், எதையும் எழுதணும்னு பார்க்காமல், சும்மா இருங்களேன்."

அதைப் படித்ததும் கோகிலவாணிக்குத் திருடப் போகிறவளைப் போல நெஞ்சு அடித்துக்கொண்டது. ஊரே உழைக்கிற மத்தியானத்தில் ஒருத்தி சும்மா இருப்பதா? இருந்தாலும் அன்றைக்குக் கதவைச் சாத்தி, தரையில் பாய் விரித்து, எதையும் நினைக்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்தாள். அப்போதுதான் தறிகள் நின்றன.

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ அப்படி நின்றபோது, கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஜோதிமணி அவளைத் தொட்டு எழுப்பினாள். தொட்ட நொடியில் வீதி முழுக்கத் தறி ஓடியது. ஜோதிமணி கெட்டிக்காரி. கறிவேப்பிலையை மறந்தாள்.

"படு வாணி."

"எதுக்குங்க அக்கா?"

"படு, சொல்றேன். கண்ணை மூடு. எதையும் நெனைக்காத."

வாணி படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தறி நின்றது. ஜோதிமணி அவள் காலைக் கிள்ளினாள். தறி ஓடியது. வடைக்கு மாவு பதம் பார்ப்பவளைப் போல இன்னொரு தரம் பார்த்துவிட்டு ஜோதிமணி வெளியே போனாள். பொழுது சாய்வதற்குள் வீதிக்கே தெரிந்துவிட்டது. டீ ஆறுகிற நேரத்துக்கு ஊர் வியந்தது; அதற்கு மேல் வியக்க அதற்கு நேரமில்லை. கோகிலவாணி படுத்தால் தறி நிற்கும், அவ்வளவுதான். மழை பெய்தால் பாவு ஈரமாகும் என்பதைப் போல, தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயமாகிவிட்டது அது. இரவில் அவள் தூங்கும்போது ஏன் நிற்பதில்லை என்று மட்டும் சிலர் கேட்டார்கள். இரவில் அவள் மறுநாள் எழுத வேண்டியதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கினாள். அது தூக்கம், ஓய்வல்ல. தறிகளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

வீதியிலேயே பெரிய பட்டறைக்காரரான அர்த்தநாரி, ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போவதைப் போல ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வந்தார். மனுஷர் கெட்டவரில்லை. துணி போக வேண்டிய தேதிக்குப் போகவில்லை என்றால் தூக்கம் வராத ஆள், அவ்வளவுதான்.

"அம்மிணி, உன்னைய ஓய்வெடுக்க வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்குது? ஆனா ஆர்டர் நிக்குதே கண்ணு. உங்கம்மா ஊருக்குப் போயி நல்லாப் படுத்துத் தூங்கிட்டு வாயேன். நானே கார் வெச்சு அனுப்பறேன்."

அவள் தாராபுரம் போனாள். அம்மா வீட்டு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்தாள். கண் சொக்கிய சிறிது நேரத்தில் பூபதி போன் செய்தான்.

"படுத்திருக்கியா?"

"ஆமாங்க."

"எந்திரி. எல்லாம் நின்னு கெடக்குது."

தூரம் அதற்கு ஒரு பொருட்டில்லை என்று ஊர் அதையும் தெரிந்துகொண்டது. அடுத்த பேருந்திலேயே அவள் திரும்பி வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு வீதிக்குள் நடந்தாள்.

அவளுடைய குற்ற உணர்ச்சி அப்போது ஒரு பக்கமாகத்தான் இருந்தது. நெய்தால்தான் கூலி என்கிற வீடுகள் அந்த வீதியில் அதிகம். அவள் கண்ணை மூடினால் அந்த வீடுகளில் நெய்யாத துணி நெய்யாததுதான். அதைவிடவும் அவளை அரித்தது வேறு. ஓய்வெடுத்து எழுந்த நாட்களில் அவளுக்கு எழுத்து வந்தது. வற்றியிருந்தது மெல்லச் சுரந்து, பார்த்த முகங்களே புதிதாகத் தெரிந்து, மாரப்பனின் கை நடுக்கத்தை எழுதினாலும் அது படிக்கிறவரின் கைக்கு வந்தது. வாசகர்கள் கொண்டாடினார்கள். ஊரார் வேலையை நிறுத்தி அதில் தன் வரியை வளர்க்கிறோமே என்று ஒவ்வொரு பாராட்டுக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு பின்வாசல் வழியாகப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

"அக்கா, நாளைக்கு என்ற மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்க. அவ பாடுவா. பாடறது மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் கேக்கோணும். செத்த நேரம் படுத்துக்கறீங்களா?"

"வாணி, வயித்துல புள்ளை அசையுதான்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது. சத்தம் நின்னா கவனிச்சுப் பாப்பேன்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் கண்ணு. கொஞ்ச நேரம் எங்காதுக்குள்ள ஓடற தறி நின்னாப் போதும்."

இப்போது ஓய்வெடுத்தாலும் குற்றம், எடுக்காவிட்டாலும் குற்றம் என்றாகிவிட்டது. படுத்தால் அர்த்தநாரியின் முகமும், நெய்யாத துணியும். எழுந்து உட்கார்ந்தால் பாடத் தெரிந்த அந்தப் பெண்ணும், வயிற்றைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தவளும். வீதிப் பெரியவர்கள் கூடிப் பேசி, வியாழக்கிழமை மத்தியானம் வாணி படுக்கலாம் என்று இரண்டு தரப்புக்கும் பொதுவாக முடிவு சொன்னார்கள். வியாழக்கிழமை வந்தால் அவள் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் வாயில் விரல் வைத்து அடக்கி, அவள் எப்போது ஓய்வெடுப்பாள் என்று காத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவளைப் போல வியர்த்து, ஓய்வெடுக்கப் பாடுபடுவாள். சில வியாழன்களில் தறி நின்றது. பல வியாழன்களில் நிற்கவில்லை. நிற்காத நாட்களில் பெண்கள் சேலையைத் தட்டிவிட்டு எழுந்து போவார்கள். அவர்கள் திட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று இருக்கும் அவளுக்கு.

ஐப்பசியில் குழந்தைவேலு படுக்கையில் விழுந்தார். அர்த்தநாரியின் பட்டறையில் மீசை முளைக்காத வயதிலிருந்து தறி ஓட்டியவர். பஞ்சுத்தூசு நெஞ்சில் தங்கி, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். குரல் நூலாக இளைத்துவிட்டது. அவர் மனைவி பாவாயி தார் சுற்றுகிறவள். காது பாதி போனவள். மிச்சக் காதிலும் தறி ஓடியது. குழந்தைவேலு அவளைப் பார்த்து உதட்டை அசைப்பார். அவள் குனிந்து காதை அவர் வாயோடு வைத்து, "என்னங்க?" என்பாள். அவர் மறுபடி சொல்வார். அவள் மறுபடி, "என்னங்க?" என்பாள். அவர் தம்பி குனிந்து கேட்க வந்தபோது வாயை மூடிக்கொண்டார். அது பாவாயிக்குச் சொல்ல வேண்டியது. வேறு யாரிடமும் அதைக் கொடுத்தனுப்ப அவருக்கு மனசில்லை.

பாவாயி பின்வாசலுக்கு வரவில்லை. முன்வாசலில் வந்து நின்றாள்.

"அம்மிணி, அவரு என்னமோ சொல்றாரு. எனக்குக் கேக்க மாட்டேங்குது. பட்டறைக்காரரு வேண்ணா எல்லாத்தையும் நிறுத்திப் போடறேன்னு சொல்லிட்டாரு. அது நின்னாலும் எங்காதுக்குள்ள ஓடறதை யாரு நிறுத்தறது? நீ படுத்தா அதுவும் நிக்குது. செத்த நேரம் படுத்துக்கறியா?"

"படுத்துக்கறனுங்க அத்தை," என்றாள் வாணி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவள் தலையாட்டியது பாவாயிக்குப் புரிந்தது. திரும்பி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அன்றைக்கு வீதியில் ஒருவருக்கும் மறுப்பில்லை. அர்த்தநாரியே வந்து வாணி வீட்டு வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஜோதிமணி வாணிக்கு மோர் கொடுத்து, தலையணையைத் தட்டிப் போட்டு, சன்னலைச் சாத்திவிட்டு வெளியே போனாள். வாணி படுத்தாள். இத்தனை பேர் கேட்டு, இத்தனை பேர் சம்மதித்து, ஒரு குற்றமும் இல்லாமல் அவளுக்குக் கிடைத்த முதல் ஓய்வு அதுதான். உடம்பு இளகியது. மூச்சு சீரானது. வெளியே தறிகளின் ஓட்டம் தளர்ந்து, ஒன்றிரண்டு நிற்கவும் தொடங்கின.

அப்போது அவளுக்குள் ஒரு வாக்கியம் வந்தது.

வாழ்நாள் முழுக்க ஊருக்குத் துணி நெய்தவனுக்கு, மனைவியின் காதுவரை எட்டுகிற ஒரு நூல் கிடைக்கவில்லை.

வேண்டாம் என்று அதைத் தள்ளினாள். அது போகவில்லை, வாசலில் நின்ற பூனையைப் போல அங்கேயே உட்கார்ந்து அவளைப் பார்த்தது. தேடாமல் தானாக வந்த வாக்கியம். நல்ல வாக்கியம். தள்ளிக்கொண்டே இருந்தவள், 'எட்டுகிற' என்பதை 'எட்டும்' என்று மாற்றினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று ஒரு கணம் நினைத்தாள். அவ்வளவுதான். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது வாக்கியம் வந்தது, மூன்றாவது வந்தது, பாவாயி ஓட்டமும் நடையுமாகப் போன விதம் வந்தது, அவள் முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சு வந்தது. நின்ற தறிகளும் ஓட ஆரம்பித்தன. கண்ணை மூடிக்கொண்டு, இமைக்குள்ளே தண்ணீர் கட்டிக்கொண்டு, நிறுத்து நிறுத்து என்று தன்னைத் தானே கெஞ்சிக்கொண்டு, அவள் மனசுக்குள் எழுதிக்கொண்டே கிடந்தாள். நாலு வீடு தள்ளி, குழந்தைவேலு உதட்டை அசைத்தார். பாவாயி, "என்னங்க?" என்றாள். அவர் மறுபடியும் அசைத்தார். பிறகு அசைக்கவில்லை.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. "பாவம், உனக்குத் தூக்கம் வரலை. நீ என்ன பண்ணுவே?" என்றாள் ஜோதிமணி. "விடு வாணி, அது உங்கையிலயா இருக்குது?" என்றான் பூபதி. அர்த்தநாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ பட்ட பாட்டை நான் பாத்தேன் அம்மிணி," என்றார். ஒவ்வொரு ஆறுதலும் அவள் மேல் கல்லாக ஏறியது. எழுத்து வந்ததால்தான் தறி நிற்கவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த வாக்கியத்தை அவள் எங்கும் எழுதவில்லை. வேறெதையும் எழுதவில்லை. வலைப்பூ அப்படியே கிடந்தது. வெளியூர் வாசகர்கள், நல்ல முடிவு எடுத்தீர்கள், நன்றாக ஓய்வெடுங்கள், புதிதாக வாருங்கள் என்று வாழ்த்தினார்கள்.

ஆனால் கன்னிமார் வீதியில் அந்த மாதம் ஓடியதைப் போலத் தறிகள் எந்தக் காலத்திலும் ஓடியதில்லை. எழுதுவதுமில்லை, ஓய்வதுமில்லை என்று அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த பகல்களில் ஒரு நாடாகூட ஒரு நொடி தயங்கவில்லை. அர்த்தநாரியின் துணி குறித்த தேதிக்கு முன்பாகவே லாரி ஏறியது. அவர் சந்தோஷத்தில், அந்தச் சரக்கிலேயே நெய்த புதுப் போர்வை ஒன்றை அவளுக்குக் கொடுத்தனுப்பினார். அவள் அதைப் பிரிக்காமல் பரண்மேல் போட்டாள். பிரிக்கவில்லை என்றாலும், வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து, துக்கத்துக்கு வந்த உறம்பரையெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் மத்தியானம் அவள் பாவாயி வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனாள். பாவாயி நூல் மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுவரில் மாலை போட்ட படத்தில் குழந்தைவேலு, யாரோ கூப்பிட்டுத் திரும்பியவர் மாதிரி இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறை. சுவர், தரை, தண்ணீர்க் குடம், எல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தன.

வாணி எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அன்னிக்கு நான் தூங்காததுக்குக் காரணம் இருக்குதுங்க."

"ஆ?"

"காரணம்! நான் மனசுக்குள்ள எழுதிட்டு இருந்தேன்!"

"என்ன கண்ணு?"

ரகசியமாகச் சொல்லி அழுவதற்கு அந்த வீதியில் வழியே இல்லை. மன்னிப்பையும் கத்தித்தான் கேட்க வேண்டும். அவள் மூச்சை இழுத்து, வாசலில் போகிறவர்களுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"எழுத்து! அத்தை! எழுத்துதான் காரணம்! எழுத்தாலதான் எல்லாம் போச்சு!"

பாவாயி அவள் வாயை உற்றுப் பார்த்தாள். முகத்தில் இரக்கம் வந்தது.

"கழுத்தா? அதான் படுக்க முடியலையா அன்னிக்கு? இதை அப்பவே சொல்றதுக்கு என்ன? குனிஞ்சே தைச்சா கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

"கழுத்தில்லீங்க அத்தை, எழுத்து..."

"இங்க வா. சும்மா வா."

எழுந்து போய் வேப்பெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்து வந்தாள். வாணியின் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்தாள். தலையாட்டி மறுத்தவளை, கழுத்து வலியில் ஆட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் அழுத்திப் பிடித்தாள். நூல் வழுக்கி வழுக்கி வழவழத்துப்போன விரல்கள் பின்கழுத்தில் மேலும் கீழுமாகப் போயின. இன்னொரு தரம் கத்த வாணியிடம் குரல் மிச்சமில்லை. செய்த குற்றத்துக்கு அடி வாங்க வந்த இடத்தில் எண்ணெய் தேய்க்கிறார்களே என்று அழுதாள். பாவாயியின் சேலை நனைந்தது. அழுது அழுது, எந்த இடத்தில் அழுகை முடிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மனசில் ஒரு வாக்கியமும் இல்லை. இல்லை என்பதைக் கவனிக்கவும் ஆளில்லை.

கண் விழித்தபோது வெயில் வாசற்படியை விட்டு இறங்கியிருந்தது. அவள் விழித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடத் தொடங்கின. வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். மேஸ்திரி ஒருவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவாயி கையைக் காட்டி அவரை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தாள். அவள் முகம் கழுவித் துடைத்ததைப் போலிருந்தது. சுவரில் இருந்த படம் இப்போது கீழே, அவளுக்கு எதிரில், குடத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"நின்னுச்சா அத்தை?" வாணி சைகையும் சத்தமுமாகக் கேட்டாள்.

"நின்னுச்சு கண்ணு. எங்காதுக்குள்ள ஓடறதும் நின்னுச்சு." பாவாயி படத்தைக் காட்டினாள். "அவரு சொன்னது எனக்குக் கேக்கலைன்னு ஊரெல்லாம் வருத்தப்பட்டீங்க. எனக்கும் அவருகிட்டச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருந்துச்சு. அதைக் கத்திச் சொல்ல முடியாது. கத்திச் சொன்னா அது வேறயாப் போயிரும். கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்து அப்படியே வெச்சிருந்தேன். இன்னிக்கு மெல்லச் சொல்லிட்டேன்."

என்ன சொன்னீர்கள் என்ற கேள்வி வாணியின் நாக்குநுனி வரைக்கும் வந்தது. அத்தனை வருஷமும் வீதியின் ஒவ்வொரு வீட்டிலும் அவளை நுழைய வைத்தது அந்தக் கேள்விதான். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"கழுத்து எப்படி இருக்குது?" என்று கேட்டாள் பாவாயி.

வாணி அவளைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு முன்னால் எழுத்து என்று இன்னொரு தரம் கத்த அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"பரவாயில்லீங்க அத்தை. இன்னும் கொஞ்சம் வலிக்குது."

"அப்ப நாளைக்கும் வா. எனக்கும் இன்னும் கொஞ்சம் பேச்சு மிச்சம் இருக்குது."

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கன்னிமார் வீதி நிற்பது மெல்ல வழக்கமாகிவிட்டது. அர்த்தநாரி சில நாள் முணுமுணுத்துவிட்டு, டீ நேரத்தை அதற்குள் மாற்றிக்கொண்டார். பெண்கள் வாசலில் காத்துக்கிடப்பதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் ஆளாளுக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டார்கள். பாடத் தெரிந்த பெண் பாடினாள். நாய்களும் நன்றாகக் குரைக்கப் பழகிவிட்டன. வாணி எழுதவும் ஆரம்பித்தாள். தினமும் இல்லை, வந்தபோது மட்டும். எழுதியது நன்றாக இருந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

வலியில்லாத கழுத்தைத் தினமும் பாவாயியின் மடியில் வைக்கும்போது ஒரு பொய்யின் மேல் தலை சாய்க்கிறோம் என்ற உறுத்தல் அவளுக்குப் போகவேயில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு நாளும் படுப்பாள். எண்ணெய்க் கை பின்கழுத்தில் படும், கண் சொக்கும், தறி நிற்கும், பாவாயி படத்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்துவாள். அந்த வீதியில் நடந்த எல்லாவற்றையும் எழுதியவள், தன் தலைக்கு ஒரு சாண் மேலே நடந்த அந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டுமானால் விழித்திருக்க வேண்டும். விழித்திருந்தால் தறி ஓடும்.